ஜலஜாவின் ஒன்பது நாடுகள்

ஹைதராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில் ஜலஜாவின் வீட்டுக்கு முதல் தடவை போகிறவர்கள் கொஞ்சம் விழிக்கத்தான் செய்வார்கள். "பால் கேபான்ல இருக்கு, எடுத்துக்கோ" என்பாள். "சாட் மேல உக்காரு, இதோ வந்துட்டேன்" என்பாள். கேபான் என்பது ஃப்ரிட்ஜ். சாட் என்பது ஹாலில் கிடக்கும் மெரூன் நிற சோபா. அந்தப் பெயரைக் கேட்டுத் தின்பண்டம் ஏதோ வரப்போகிறது என்று கை கழுவிவிட்டு உட்கார்ந்த உறவுக்காரர்களும் உண்டு. மாடியில் இருக்கும் ஒற்றை அறைக்குப் பெயர் கேமரூன். மகள் சுப்ரியாவின் நான்கு வருட இன்ஜினியரிங் படிப்புக்குப் பெயர் காங்கோ.

பைத்தியம் ஒன்றும் இல்லை. உப்பலைத் தாண்டி இருக்கும் ஒரு மருந்துக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் அவளுக்கு வேலை. கம்பெனியின் மாத்திரைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குத்தான் போகின்றன. அந்தக் கண்டத்தைக் கம்பெனி ஐந்து மேஜைகளாகப் பிரித்து வைத்திருந்தது: வடக்கு, மேற்கு, கிழக்கு, தெற்கு, மத்தி. மத்திய மேஜை ஜலஜாவுடையது. ஒன்பது நாடுகள். எந்த மேஜை வழியாகச் சரக்கு அதிகம் போகிறதோ அந்த மேஜைக்குத் தீபாவளி போனஸ் கூடும். எந்த நாட்டு ஆர்டரால் போனஸ் வந்ததோ, அந்தப் பணத்தில் வாங்கிய பொருளுக்கு அந்த நாட்டின் பெயரை வைப்பது அவள் வழக்கம். சாப்பிட்ட இலையை மறக்கக்கூடாது என்பாள். அவளுடைய கணவன் வாசு லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஊழியன். "கிரைண்டருக்கு ஏன் பேரு வைக்கல?" என்று சீண்டுவான். "அது உங்க சம்பளத்துல வாங்கினது. அதுக்கு என்ன பேரு வைக்கிறது, லாலாகுடாவா?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய வந்த குடும்பம் அவளுடையது. நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத் மண். தமிழ் பேசும்போது நடுவே ஆமாம் என்பதற்கு "ஹவ்" வரும், கோபம் வந்தால் வேண்டாம் என்பதற்கு "நக்கோ" வரும். ஜலஜா பாஸ்போர்ட் எடுத்ததில்லை. திருப்பதிக்குத் தெற்கே போனது கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான். ஆனால் கேபான் தலைநகர் லிப்ரவில்லில் எந்த மாதம் மழை, சாட் தலைநகர் என்ஜமேனாவுக்குப் போகிற லாரி கேமரூனின் டவாலா துறைமுகத்திலிருந்து எத்தனை நாள் ஓடும் என்றெல்லாம் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள்.

கம்பெனியில் அவள் சேர்ந்தது முப்பது வயதில், பேக்கிங் ஹாலில் லேபிள் ஒட்டுவதற்கு. மற்றப் பெண்கள் ஒட்டினார்கள். இவள் ஒட்டியபடியே படித்தாள். "இந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகுது? அது எங்க இருக்கு?" என்று சூப்பர்வைசரை நச்சரித்தாள். நச்சரிப்புத் தாங்காமல் அந்த மனிதர் அவளை மேலே ஆபீசுக்கு அனுப்பிவைத்தார். அங்கே 2007ல், அப்போதைய மேனேஜர் ஒரு பெரிய வெள்ளை வரைபடத்தை மேஜையில் விரித்து, "கையெழுத்து நல்லா இருக்கே, இதுக்குக் கலர் குடும்மா" என்றார். ஜலஜா இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த சுப்ரியாவின் கலர் பென்சில் டப்பாவைக் கேட்காமல் எடுத்துப் போய், ஒரு அட்லஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து கண்டத்தையே தீட்டி முடித்தாள். மேற்கு மஞ்சள், கிழக்கு பச்சை, தெற்கு நீலம், வடக்கு ரோஸ், மத்தி ஆரஞ்சு. சுப்ரியா அதற்காக ஒரு வாரம் பேசவில்லை.

அந்த வரைபடம் சட்டம் போட்டுச் சுவரேறியது. அதுவே கம்பெனியின் சட்டமும் ஆனது. ஒரு நாடு, ஒரு நிறம், ஒரு மேஜை, ஒரு துறைமுகம். புருண்டி கிழக்கா மத்தியா என்று கிழக்கு மேஜையின் ஸ்மிதாவுக்கும் ஜலஜாவுக்கும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை நடந்தது. ஐ.நா. அதைக் கிழக்கில் வைத்திருக்கிறது, ஆப்பிரிக்க ஒன்றியம் மத்தியில் வைத்திருக்கிறது. ஆளுக்கொரு காகிதத்தைக் காட்டினார்கள். ஸ்மிதா மலையாளி, ஜலஜா தமிழ், சண்டை நடந்தது தெலுங்கில். கடைசியில் ஸ்மிதா ஜெயித்தாள். 2011ல் சூடான் இரண்டானபோது ஜலஜாதான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மூன்று வருடம் கழித்து அவளுடைய மாநிலமே இரண்டானது. அதற்குக் கோடு போட வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு, 2022 மே மாதத்தில், பஹாத்தி வந்து சேர்ந்தான். இருபத்தாறு வயது. ஹப்சிகுடாவில் ஒரு கல்லூரியில் பார்மஸி மேற்படிப்பு. நாடு காங்கோ, அதாவது இரண்டு காங்கோக்களில் பெரியது. தங்க அறை தேடி பதினோரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான். போனில் சரி என்றவர்கள் முகத்தைப் பார்த்ததும் "இப்பத்தான் வேற ஆள் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க" என்றார்களாம். பதினோரு வீட்டுக்கும் ஒரே நாளில் ஆள் வந்துவிட்டது!

வாசுவும் முதலில் தயங்கினான். "நக்கோ ஜலஜா. அக்கம்பக்கத்துல என்ன சொல்வாங்க?"

"என்ன சொன்னா என்ன? என் ரீஜன் ஆளுங்க அவன். நம்ம பொண்ணு படிச்சது அவங்க ஊர்க் காசுல. கேமரூன்ல காங்கோக்காரன் இருக்கறதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட விசா வாங்கணுமா?"

பஹாத்திக்குச் சாவி கிடைத்தது. முதல் நாளே ஜலஜா ஃபில்டர் காப்பியுடன் மாடியேறி, "போன்ஜூர்" என்றாள். இத்தனை வருடம் படிவங்களில் மட்டும் பார்த்த பிரெஞ்சு மொழியை ஒரு மனிதனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவனும் "போன்ஜூர், ஆன்ட்டி" என்றான். அவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் அவனிடம் பேச்சுக் கொடுத்தாள். சொந்த ஊர் எது என்று கேட்டாள். புக்காவு என்றான். ஜலஜாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"புக்காவுவா? அங்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போன வருஷம் நான்தான் மருந்து அனுப்பினேன்! குழந்தைங்களுக்கு மலேரியா மாத்திரை. ஐரோப்பாவுல ஒரு தொண்டு அமைப்பு வாங்கிக் குடுத்தாங்க. எல்லாப் பேப்பரும் என் கையெழுத்து" என்று தன் ஆங்கிலத்தில் அடுக்கினாள்.

பஹாத்திக்கும் சந்தோஷம். "எந்த வழியாக, ஆன்ட்டி?"

"மட்டாடி துறைமுகம்."

அவன் சிரித்தான். ஜலஜா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பெரிய வட்டம் போட்டான். இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தான், அது மட்டாடி. வலது ஓரத்தில் ஒரு புள்ளி, அது புக்காவு. நடுவில் முழுக்கக் காடும் ஆறும் என்று கோடுகோடாகக் கிறுக்கினான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ரயில் இல்லை, ஒழுங்கான ரோடும் இல்லை, படகில் பாதி, விமானத்தில் மீதி, அதுவும் யாராவது பணம் கட்டினால் என்றான். தன் நாட்டின் மேற்குக் கோடியைத் தன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றான். அவன் வீட்டுச் சோப்பு, உப்பு, சைக்கிள் எல்லாம் வருவது வலது பக்கத்திலிருந்து. ஊர் எல்லையில் ஒரு சின்னப் பாலம், நடந்து தாண்டினால் ருவாண்டா, அப்புறம் தான்சானியா, அப்புறம் இந்தியப் பெருங்கடல். ஹைதராபாத்துக்கு அவனே அந்தப் பாலத்தை நடந்து தாண்டித்தான் வந்திருக்கிறான்.

"எங்கள் ஊர்க்காரர்கள் மேற்கைப் பார்க்க மாட்டார்கள், ஆன்ட்டி. வீட்டில் பேசுவதும் ஸ்வாஹிலிதான், கிழக்குக்காரர்கள் பேசுவது. இந்த வருடம் எங்கள் நாடு கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பில்கூடச் சேர்ந்துவிட்டதே."

ஜலஜா துணியை மடிக்க மறந்து நின்றாள். இவ்வளவு பெரிய நாடு, கடல் பக்கம் நாற்பது கிலோமீட்டர் கரை. பெரிய வீட்டுக்கு ஓரத்தில் ஒரே ஒரு குட்டி ஜன்னல். இத்தனை வருடமாக அந்த ஜன்னல் வழியாகச் சாமானைத் தள்ளிவிட்டு, வீடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவள் நினைத்திருக்கிறாள்.

அவளுக்கு இது புரியாத விஷயமும் அல்ல. மல்காஜ்கிரியைப் புது மாவட்டமாக்கியபோது கலெக்டர் அலுவலகம் எங்கோ ஊருக்கு வெளியே போய்விட்டது. சுப்ரியாவின் சான்றிதழுக்கு இரண்டு பஸ் மாறி அரை நாள் போனாள். ஆனால் காய்கறிக்கும் டாக்டருக்கும் சேலைக்கும் அவள் போவது பக்கத்தில் இருக்கும் செகந்திராபாத்துக்குத்தானே. காகிதத்தில் எந்த மாவட்டம் என்பது வேறு, கால் எந்தப் பக்கம் நடக்கிறது என்பது வேறு. தன் தெரு விஷயத்தில் தெரிந்தது அந்த நாட்டு விஷயத்தில் தோன்றாமல் போயிற்றே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் தொண்டு அமைப்புக்கு ஒரு மெயில் போட்டாள். போன வருடச் சரக்கு புக்காவு போய்ச் சேர்ந்ததா என்று ஒரே வரி. அவளிடம் இருந்தது மட்டாடி துறைமுகத்தின் முத்திரை மட்டும். அந்த முத்திரை விழுந்ததும் ஃபைல் மூடப்படும். அதற்கு அப்பால் என்ன ஆயிற்று என்று பதினைந்து வருடத்தில் யாரும் கேட்டதில்லை, அவள் உட்பட.

இரண்டு நாளில் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். மூன்றில் ஒரு பங்கு பெட்டிகளை எட்டு மாதம் கழித்து விமானத்தில் அனுப்ப முடிந்தது. மீதி இன்னும் கின்ஷாசாவில் ஒரு கிடங்கில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிச் சமாளித்தது, எல்லா நாளும் சமாளிக்க முடியவில்லை. அக்கறையுடன் விசாரித்ததற்கு நன்றி.

எல்லா நாளும் சமாளிக்க முடியவில்லை என்ற அந்த வரியை ஜலஜா பலமுறை படித்தாள். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். கையெழுத்து அவளுடையது, ஆரஞ்சு நிறமும் அவள் தீட்டியதுதான். வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அதே ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது ஆர்டர் தயாராகிக்கொண்டிருந்தது. போன தடவையைவிட இரண்டு மடங்கு. லாரி திங்கட்கிழமை மும்பைக்குக் கிளம்பவேண்டும், பேப்பரில் மட்டாடி என்று போட்டாகிவிட்டது. செப்டம்பரில் அங்கே மழை தொடங்கிவிடும். அதற்குள் போய்ச் சேர ஒரே வழி தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகம். அது ஸ்மிதாவின் பச்சைப் பகுதி. துறைமுகம் யாருடையதோ சரக்கும் அவர்கள் கணக்கு என்பது கம்பெனி விதி. அந்த வருடம் கம்பெனி ஐந்து மேஜையை நான்காகக் குறைப்பதாக அறிவித்திருந்தது. ஜூன் முடிவில் எந்த மேஜையில் சரக்கு குறைவோ அது மூடப்படும். தெற்கும் மத்தியும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தன. இந்த ஆர்டர் இருந்தால் ஜலஜாவின் மேஜை தப்பும், போனால் மேஜையும் போகும். மூடிய மேஜைக்காரர்களுக்குப் பேக்கிங் ஹாலில்தான் இடம் இருக்கிறது என்று பேச்சு. ஐம்பத்தொரு வயதில் மறுபடி லேபிள் ஒட்டப் போகவேண்டும்.

வாசுவிடம் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டான்.

"உன்ன யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"ஆர்டர் குடுத்தவங்க துறைமுகத்த மாத்தச் சொன்னாங்களா?"

"இல்ல. ஊர் பேரு மட்டும்தான் குடுப்பாங்க. வழி நம்ம பொறுப்பு."

"அப்புறம் கத்திக்கு நீயா போய்த் தலையக் குடுக்கற? ஜூலைல சொல்லிக்கோ. மேஜை தப்பிச்சதுக்கு அப்புறம்."

"ஜூலைல கப்பல் கடல்ல இருக்கும்."

அவன் டிவியைப் போட்டான். ஜலஜா அடுப்படிக்குப் போனாள். மறுநாள் காலை, அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில், சோபாவில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த வாசு நிமிராமலே சொன்னான்: "நான் இந்தச் சாட் மேல உக்காந்துக்கிட்டுத்தான் இதச் சொல்றேன். நம்ம பொண்ணு ஃபீஸ் கட்டின நாடு அது. போய்ச் சொல்லிடு. ஆகறது ஆகட்டும். என் சம்பளத்துல இன்னொரு கிரைண்டர் வாங்க முடியாதா என்ன?"

அந்த மனிதனைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருடம் ஆயிற்று. அன்றைக்கு அவன் மேல் வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. "டிபன் பாக்ஸ மறந்துடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஏற்றுமதி மேனேஜர் சந்தானம் தூத்துக்குடிக்காரர். ஐந்து வருடத்துக்கு முன்பு ஹைதராபாத் வந்தவர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால், உலகமே அவருக்குக் கரையோரமாகத்தான் தெரியும். கரையிலிருந்து உள்ளே பத்து மைல் போனால் அவருடைய பூகோளம் தீர்ந்துவிடும். கெட்ட மனிதர் அல்ல.

ஜலஜா மெயிலையும், பஹாத்தி நோட்டில் போட்ட வட்டத்தையும் அவர் மேஜையில் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"இதுல நாம என்ன செய்ய ஜலஜாக்கா?" என்றார் சந்தானம். "சரக்கு கரை இறங்கிட்டுன்னா நம்ம சோலி முடிஞ்சுது. அதுக்கு அங்கிட்டு அவங்க பாடு. வரைபடத்துல காங்கோ மத்தியிலதான இருக்கு? நீங்க கலர் அடிச்சதுதான?"

"ஹவ் சார், நான் அடிச்சதுதான். அதனாலதான் வந்திருக்கேன். உங்க அம்மா தூத்துக்குடில இருக்காங்க. அவங்களுக்கு அவசரமா ஒரு மருந்து. நான் அத எடுத்துட்டுப் போய் குஜராத்ல காண்ட்லா துறைமுகத்துல இறக்கிட்டு, 'இந்தியாவுக்கு வந்துடுச்சு, கையெழுத்துப் போடுங்க'ன்னு சொன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

"ரயில்ல ஏத்திவிடுங்கன்னு சொல்லுவேன்."

"ரயில் இல்ல சார். ரோடும் இல்ல."

சந்தானம் நோட்டுக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தின் முன் நின்றார். இந்தக் கோடியில் ஒரு விரலும் அந்தக் கோடியில் ஒரு விரலும் வைத்தார். இரண்டு கையையும் விரிக்க வேண்டியிருந்தது.

"எம்மாடி" என்றார். திரும்பி அவளைப் பார்த்தார். "ஆர்டர் ஸ்மிதா பக்கம் போனா உங்க மேஜை போயிரும். தெரியும்லா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா?"

"பதினஞ்சு வருஷமா அந்த நாடு எனக்குப் படி அளந்திருக்கு சார். ஒரு தடவையாவது சாமான் வீடு போய்ச் சேரட்டும்."

சந்தானம் போனை எடுத்தார். அன்று மாலைக்குள் பேப்பர்கள் மாறின. அதில் பாதி வேலையை ஸ்மிதா செய்தாள். புருண்டிச் சண்டைக்காரி, ஆர்டர் தன் கைக்கு வருகிறது என்று ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. டார் எஸ் சலாமில் நம்பகமான லாரிக்காரர் யார், ருவாண்டா எல்லையில் என்ன பேப்பர் கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி, ஜலஜாவின் கையெழுத்துக்கு அவளிடமே கொண்டுவந்தாள். "அக்கா, இது உங்க சரக்குதான். நீங்களே போடுங்க" என்று தெலுங்கில் சொன்னாள். ஜலஜா பேனாவை வாங்கிப் போட்டாள். திங்கட்கிழமை லாரி கிளம்பியது.

ஜூன் முடிவில் மத்திய மேஜை மூடப்பட்டது. பேக்கிங் ஹாலுக்கு அனுப்பவில்லை, அதற்குச் சந்தானம்தான் காரணம். மேலிடத்தில் நின்று பேசி, ஸ்மிதாவுக்கு உதவியாக அவளை ஆபீசிலேயே வைத்துக்கொண்டார். இழுப்பறை இல்லாத ஒரு சின்ன மேஜை, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். அவளுடைய ஒன்பது நாடுகளில் ஐந்து மேற்குக்கும் மூன்று தெற்குக்கும் போயின. பெரிய காங்கோவின் இடது பாதி தெற்குக்கு, வலது பாதி கிழக்குக்கு. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் காலையில் பழக்கத்தில் பழைய மேஜைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

"வரைபடத்தையும் நீங்களே சரி பண்ணிருங்க" என்றார் சந்தானம். ஜலஜா வீட்டுப் பரணில் தேடி அந்தப் பழைய கலர் பென்சில் டப்பாவை எடுத்துவந்தாள். பச்சை, கட்டைவிரல் நீளம்தான் மிச்சம் இருந்தது. சட்டத்தைக் கழற்றி, காங்கோவின் கிழக்கு ஓரத்து ஆரஞ்சை ரப்பரால் அழித்து, அதன் மேல் மெல்லப் பச்சை தீட்டினாள். ஆரஞ்சு முழுக்கப் போகவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டாள். ஆர்டர் படிவத்திலும் ஒரு புதுக் கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். துறைமுகத்துக்கு மேலே, முதல் வரியில், 'கடைசி ஊர்' என்று. சந்தானம் மறுபேச்சில்லாமல் சேர்த்தார். இப்போது எந்த மேஜையில் ஆர்டர் வந்தாலும் முதலில் அதைத்தான் நிரப்ப வேண்டும்.

அதன் பிறகு காத்திருப்பு. கப்பல் மும்பையில் நான்கு நாள் தாமதம். டார் எஸ் சலாமில் இறங்கியது. லாரி ருவாண்டா எல்லையில் மூன்று நாள் நின்றது. பஹாத்தி ஒவ்வொரு நாளும் மாடிப்படியில் நின்று, "இன்று எங்கே, ஆன்ட்டி?" என்று கேட்பான். அவள் ஊர்ப் பெயரைச் சொல்வாள், அவன் அந்த ஊரில் எந்தக் கடையில் வறுத்த மீன் நன்றாக இருக்கும் என்று சொல்வான். லாரி பாலத்தைத் தாண்டிய செய்தி ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அதற்கு அப்புறம் சத்தமே இல்லை. ஸ்மிதா இரண்டு தடவை மெயில் போட்டுப் பார்த்தாள். செப்டம்பர் போனது. அங்கே மழை தொடங்கியிருக்கும் என்று ஜலஜாவுக்குத் தெரியும். கேட்பதற்கு வாய் வராமல் இருந்தாள்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு போனஸ் கவர்கள் வந்தன. மேஜை இல்லாதவளுக்கு மேஜை போனஸ் இல்லை. மெலிசான கவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவளை ஸ்மிதா கூப்பிட்டாள். தொண்டு அமைப்பிலிருந்து ஒரு ஸ்கேன் வந்திருந்தது. அந்த இரண்டாவது ஆர்டரின் சரக்குச் சீட்டு. ஒரு மூலையில் ஈரம் பட்டு மை கரைந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கிடங்கின் முத்திரை, எல்லாப் பெட்டியும் சரி என்று ஒரு டிக், செப்டம்பர் இரண்டாம் தேதி. மழைக்கு முன்பே. கீழே நீல மையில் சாய்வான கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை.

ஜலஜா பார்த்த சீட்டுகளுக்குக் கணக்கே இல்லை. எல்லாவற்றிலும் துறைமுகத்தின் உருண்டை முத்திரைதான் இருக்கும். ஒரு மனிதர் கைப்பட எழுதியது வந்தது இதுதான் முதல் தடவை. ஸ்மிதாவிடம் ஒரு பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள், காகிதம் கசங்கிவிடும் என்று.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். பஹாத்தி முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். காகிதத்தை அவனிடம் நீட்டி, கடைசியில் இருப்பது என்ன வார்த்தை என்று கேட்டாள். அவன் முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான்.

"அசாந்தே" என்றான். "எங்கள் பக்கத்து வார்த்தை. நன்றி என்று அர்த்தம், ஆன்ட்டி."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜலஜா அழுதேவிட்டாள். நன்றி சொல்ல வேண்டியது அவர்களா? பதினைந்து வருடம் சோறு போட்டு, பெண்ணைப் படிக்கவைத்து, வீட்டை நிரப்பியவர்கள் ஒரு லாரி மாத்திரைக்கு நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

சுப்ரியா அம்மாவின் பையிலிருந்து கவரை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். இப்போதும் தெலுங்கில்தான், "ஈ சாரி ஏம் கொண்டாவ் மம்மி?" என்றாள். இந்தத் தடவை என்ன வாங்கப்போகிறாய் என்று.

ஜலஜா நேராக அடுப்படிக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காலண்டரையும் கேஸ் ரசீதையும் எடுத்தாள். அந்தச் சீட்டை நேராக வைத்து, நான்கு மூலையிலும் நான்கு காந்தத்தை ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வாசு காப்பிக்குப் பால் எடுக்க வந்தான். டம்ளரைக் கழுவிய கையோடு கதவைப் பிடிக்கப் போனவனை ஜலஜா சத்தம் போட்டு நிறுத்தினாள்.

"பாத்து, பாத்து! ஈரக் கைய புக்காவு மேல வைக்காதீங்க."